ஒரு நாள் முந்தி வந்த காற்று

பவானி ஆற்றின் வடகரையில் வாழைக்கும் செங்கல்லுக்கும் பேர்போன மூங்கில்துறை என்ற ஊரில், தையல்காரி சம்பூர்ணத்தின் முன்னறைக்குள் மறுநாளின் காற்று ஒரு நாள் முந்தி வந்து வீசத் தொடங்கியது சித்திரை பிறந்த பதினோராம் நாள் பிற்பகல் மூன்றேகால் மணிக்கு. அப்போது வெளியே வேப்பமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை, எதிர்வீட்டுக் கொடியில் துணிகள் இஸ்திரி போட்டு மாட்டியவை போல விறைத்துத் தொங்கின, வீதி நாய் நிழலோடு நிழலாக நகர்ந்து படுத்துக்கொண்டிருந்தது. அறையின் தென்மேற்கு மூலையில், சன்னல் எதுவும் இல்லாத வெறும் சுவரிலிருந்து கிளம்பிய அந்தக் காற்று, வெட்டி வைத்திருந்த கைத்துண்டுகளையும் கழுத்துத் துண்டுகளையும் உத்தரம் வரை தூக்கி, நாட்காட்டியை ஆணியோடு பிடுங்கி, மெஷின் எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்து, ஏழு நிமிடம் அறையைச் சுற்றிவிட்டு, வந்த மூலையிலேயே அடங்கிப்போனது. கவிழ்ந்த எண்ணெய் ஒரு கல்யாணப் பெண்ணின் அரக்குப் பட்டு ரவிக்கையில் கொட்டியிருந்தது. சம்பூர்ணம் நாற்பத்தொரு வயதுக்காரி, கையில் வேலை இருக்கும்போது வேறு யோசனைக்கு இடம் தராதவள். காற்று எங்கிருந்து வந்தது என்பதைவிடக் கறை எதில் போகும் என்பதே அவளுக்கு அவசரமாக இருந்தது. அதன்மேல் முகப்பவுடரைக் கொட்டி, காகிதம் வைத்து, இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றினாள்.

மறுநாள் அதே மூன்றேகால் மணிக்கு, அதே தென்மேற்கிலிருந்து, அதே காற்று ஊர் முழுவதற்குமாக வந்தது. அவள் புருஷன் குழந்தைவேலு இரண்டு ஏக்கர் குத்தகை நிலத்தில் வைத்திருந்த ஆயிரத்து எண்ணூறு நேந்திரன் வாழையில் ஆயிரத்து நூறு, தார் முற்ற இன்னும் இருபது நாள் இருக்கையில், இடுப்பொடிந்து எல்லாம் ஒரே திசையில் தலைவைத்துப் படுத்தன. ஏழு நிமிடம்தான். பிறகு மழைகூடச் சரியாகப் பெய்யவில்லை. குழந்தைவேலு வரப்பில் உட்கார்ந்தவன் இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை. அன்று காலை வானொலியில், மேற்கு மாவட்டங்களின் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழையும் பலத்த காற்றும் இருக்கக்கூடும் என்று சொல்லியிருந்தார்கள். சித்திரையும் வைகாசியும் அதைத் தினமும் சொன்னார்கள். தன்னுடைய தோட்டம் அந்த ஒன்றா, அந்த இரண்டா என்று பல் தேய்த்துக்கொண்டே கேட்ட குழந்தைவேலுவுக்கு எப்படித் தெரியும்?

ஒன்பது நாள் கழித்து இரண்டாம் முறையும், வைகாசி நாலாம் தேதி மூன்றாம் முறையும் அறைக்குள் காற்று வந்துபோன பிறகு, இரவுச் சாப்பாட்டின்போது சம்பூர்ணம் சொன்னாள்.

"ஏனுங்க, நம்மூட்டுக்குள்ள வர்றது இன்னைக்கிக் காத்து இல்லீங்க. நாளைக்கி வரப்போற காத்துங்க."

குழந்தைவேலு சோற்றிலிருந்து கையை எடுக்காமல் யோசித்தான். "எத்தன மணிக்கு?"

"நாலு பத்துக்கு. மூணு நிமிசம். பெருசா ஒண்ணுமில்ல, கொடித்துணிய எடுத்து வெச்சாப் போதும்."

"செரி. அப்ப நாளைக்கி மருந்தடிக்க வேண்டாம்," என்றான் அவன், ரசம் ஊற்றச் சொல்லிக் கை காட்டினான். அந்த வீட்டில் அந்த விஷயத்துக்காகப் பட்ட ஆச்சரியம் அவ்வளவுதான்.

ஊர் ஆச்சரியப்பட எடுத்துக்கொண்ட நேரமும் அதிகமில்லை. ஊராட்சித் தலைவர் நாச்சிமுத்து ஒரு பிற்பகல் வந்து உட்கார்ந்து, தன் வெள்ளை வேட்டி உள்ளே படபடப்பதையும் வெளியே வேப்பமரம் சும்மா நிற்பதையும் மாறி மாறிப் பார்த்தார். மறுநாள் அதே நேரத்தில் அதே வேட்டி வீதியில் படபடத்ததைப் பார்த்தார். அதற்கடுத்த நாள் ஊராட்சிச் செலவில் இரண்டு மர பெஞ்சு செய்து சம்பூர்ணத்தின் வாசலில் போட்டார். அடுத்த கோடைக்குள் எல்லாவற்றுக்கும் ஒரு வழக்கம் வந்துவிட்டது. பிற்பகல் இரண்டு மணியிலிருந்து ஆறு மணிவரை பெஞ்சில் வீட்டுக்கு ஒருவர் என்று முறைவைத்து உட்கார்ந்தார்கள். காற்று வந்தால் திசையும் நேரமும் பலமும் செல்போனில் ஊருக்குப் போயிற்று. ரவிக்கைத் துண்டு பறந்தால் ஒன்று, கத்தரிக்கோல் நகர்ந்தால் இரண்டு, ஓடு குலுங்கினால் மூன்று என்று பலத்துக்கு அளவு வைத்துக்கொண்டார்கள். மூன்று என்றால் முற்றியும் முற்றாமலும் இருக்கிற தார்களை அன்று சாயங்காலமே வெட்டினார்கள், இரண்டு என்றால் சவுக்குக் கம்பு முட்டுக்கொடுத்தார்கள், ஒன்று என்றால் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். தேர் இழுக்கிற நாளையும் கட்சிக் கூட்டத்துப் பந்தலையும் அந்த அறைதான் தீர்மானித்தது. கல்யாணம் வைத்தவர்கள் முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் பெண்ணின் ரவிக்கையைப் பிடித்துத் தைக்கக் கொடுக்க வந்ததுபோல வந்து மூலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கோயில் பூசாரி அந்த மூலைக்கு மஞ்சளும் குங்குமமும் பூச வந்தபோது மட்டும் சம்பூர்ணம் எழுந்து குறுக்கே நின்றாள்.

"வேண்டாமுங்க சாமி. காத்தடிச்சா அத்தனையும் வெள்ளத் துணியில ஒட்டும். அப்புறம் எனக்கு யாரு துணி குடுப்பாங்க?"

பூசாரி அதில் நியாயம் இருப்பதை ஒப்புக்கொண்டு திரும்பிப் போனார்.

அந்த அறைக்கு மூங்கில்துறையின் காற்று மட்டுமே தெரியும் என்பதையும் விரைவில் கண்டுபிடித்தார்கள். ஆற்றுக்குத் தென்கரையில் ஒரு சூறைக்காற்று கூரைகளைப் பிய்த்த நாளுக்கு முந்தைய நாள் சம்பூர்ணத்தின் அறையில் ஒரு நூல்கூட அசையவில்லை. தென்கரைக்காரர்கள் அதற்காகக் கோபப்பட்டு, அந்த வருஷம் மூங்கில்துறையில் பெண் எடுக்கவில்லை. வேறொன்றும் நடந்தது, அதை யாரும் கவனிக்கவில்லை: ஊர்க்காரர்கள் வானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். மேற்கே மேகம் கொப்பளித்து எழும்புவதையும், தும்பி தாழப் பறப்பதையும், வெக்கை திடீரென்று மூச்சை அடைப்பதையும் அதற்குமுன் எல்லோரும் பார்த்தார்கள். இப்போது தலைக்குமேல் இடி உருண்டாலும், பெஞ்சில் யார் முறை என்று கேட்டுக்கொண்டார்கள்.

சம்பூர்ணத்தின் பாடு வேறு. ஊருக்கு ஒரு தடவை அடிக்கிற காற்று அவளுக்கு இரண்டு தடவை அடித்தது. அவள் அறையில் இல்லாவிட்டால் காற்று வருமா வராதா என்று யாருக்கும் தெரியவில்லை. சோதித்துப் பார்க்கவும் யாருக்கும் துணிச்சல் இல்லை. ஆகவே சித்திரை முதல் ஆனிவரை அவள் பிற்பகலில் வீட்டைவிட்டு நகரக்கூடாது என்று, யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானிக்காமலே, தீர்மானமாயிற்று. முறைவைத்துப் பெண்கள் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள், ரேஷன் வாங்கிக் கொடுத்தார்கள், வெயில் நேரத்தில் மோர் கொடுத்தார்கள், கொடுத்துவிட்டு அவளுடைய முகத்தைப் பார்க்காமல் மூலையைப் பார்த்தார்கள். காங்கயத்தில் அவள் தம்பி மகளுக்குக் காதுகுத்து வைத்தபோது சீலை மாற்றிக்கொண்டு கிளம்பியவளை வாசல் பெஞ்சிலிருந்த ஏழு பேரும் எழுந்து நின்று கும்பிட்டார்கள்.

"நீ போய்ட்டா ஊரு என்னம்மிணி பண்ணும்?" என்றார் நாச்சிமுத்து.

அவள் குழந்தைவேலுவைப் பார்த்தாள். அவன் வேலிப்பக்கம் பார்த்தபடி, "வெயிலு வேற இப்பிடிக் காயுது. நான் மட்டும் போய்ட்டு வந்தர்றனே," என்றான். அவள் உள்ளே போய்ப் பழைய சீலையைக் கட்டிக்கொண்டு, அன்று சாயங்காலம்வரை ஒரே ரவிக்கையை நான்கு தடவை பிரித்துத் தைத்தாள். மூலையில் காற்று வரவில்லை. மறுநாள் காற்று இல்லை என்று ஊருக்குச் செய்தி போயிற்று.

மூன்றாவது கோடையில், அந்த அறையை அரசாங்கமே ஏற்று நடத்தவேண்டும் என்று நாச்சிமுத்து எழுதிய மனு எங்கெங்கோ சுற்றி வானிலை மையத்துக்குப் போய்ச் சேர்ந்ததால், எட்வின் தேவசகாயம் என்ற அதிகாரி மூங்கில்துறைக்கு வந்தார். கன்னியாகுமரிப் பக்கத்துக்காரர், ஓய்வுபெற ஒரு வருஷம் இருந்தவர், இருபத்திரண்டு வருஷமாக மேற்கு மாவட்டங்களின் வானிலை அறிவிப்பை எழுதிக்கொண்டிருந்தவர். அறையின் நடுவில் முக்காலி போட்டுக் காற்று வேகம் அளக்கும் கிண்ணக் கருவியை நிறுத்தினார். சுவரில் வெப்பமானியும் அழுத்தமானியும் மாட்டினார். பிற்பகல் முழுவதும் ஒரு நாற்காலியில் குறிப்பேட்டோடு உட்கார்ந்தார். நான்கு நாள் ஒன்றும் வரவில்லை. சம்பூர்ணம் தைத்தாள். இரண்டாவது நாள் அவள் கேட்டாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சார். ஓரிரு இடங்கள்னு சொல்றீங்களே, அந்த ஒண்ணு எது, ரெண்டு எதுன்னு உங்களுக்காச்சும் தெரியுமுங்களா?"

எட்வினை இருபத்திரண்டு வருஷத்தில் யாரும் இப்படி நேராகக் கேட்டதில்லை. "தெரியாதும்மா," என்றார். "உலை கொதிக்கப்போகுதுன்னு தெரியும். முதல் கொப்புளம் பானையில எந்த இடத்துல வரும்னு தெரியாது. இந்தக் கோடை இடி அப்படித்தான்."

"மழைக்கு முன்னால ஒரு காத்து வருதே, வாழைய முறிக்கிறது. அது எங்கிருந்து வருது?"

"மேலருந்து. மேகத்துக்குள்ள மழை குளிர்விச்ச காற்று கனமாகி, குடத்துத் தண்ணியத் தரையில கொட்டினா எல்லாப் பக்கமும் பாயுமே, அப்படி விழுந்து பாயும். பத்து நிமிஷம். அப்புறம் பழைய வெக்கை வந்துடும்." பேச ஆள் கிடைத்தவர் போலத் தொடர்ந்தார். "வடக்கே பெரிய தேசங்கள்ல வேற மாதிரி ஒண்ணு உண்டு. குளிர்முகப்புன்னு பேரு. குளிர்ந்த காற்று ஒரு சுவர் மாதிரி, நூத்துக்கணக்கான மைல் நீளத்துக்கு, வெக்கையத் தள்ளிக்கிட்டே வரும். அது போற வழியெல்லாம் இடி, சூறைக்காற்று. அதுக்கு ஒண்ணு ரெண்டுங்கிற பேச்சே இல்ல, வரிசையா எல்லா ஊரும் வாங்கும். பரீட்சைக்குப் படிச்சேன். ஒரு தடவைகூட எழுதினதில்ல. இவ்வளவு தெற்கே அது வராது."

ஐந்தாம் நாள் மாலை நாலு நாற்பதுக்குக் காற்று வந்தது. அது தென்மேற்கு மூலையிலிருந்து வரவில்லை. வடக்குச் சுவர் முழுவதிலிருந்தும் வந்தது. முதலில் மெஷினின் இரும்பு சில்லிட்டது. பிறகு துணிகள், பிறகு கத்தரிக்கோல், பிறகு நாற்காலி. எட்வின் கருவியைப் பார்த்து அறுபது, எழுபத்தைந்து, தொண்ணூறு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். நூற்றுப் பத்தில் கிண்ணங்கள் கழன்று சுவரில் அடித்தன. வெப்பமானி முப்பத்தெட்டிலிருந்து இருபத்திரண்டுக்கு இறங்கியது. இருவரும் துணி வெட்டும் மேசைக்கு அடியில் நுழைந்துகொண்டார்கள். ஆறாம் நிமிடம் காற்று சட்டென்று நின்றது. சம்பூர்ணம் தலையை வெளியே நீட்டியபோது எட்வின் கடிகாரத்தைப் பார்த்தபடி அவள் தோளைப் பிடித்து இழுத்தார். "இரும்மா, இது முடியல." ஒன்றரை நிமிடம் கழித்து இரண்டாவது வீச்சு வந்தது, முதலாவது அதன் முன்னால் ஒன்றுமே இல்லை. வெளியே பெஞ்சில் இருந்தவர்கள், அசையாத மாலை வெயிலில், அசையாத வேப்பமரத்துக்குப் பக்கத்தில், ஒரே ஓர் அறையின் ஓடுகள் மட்டும் புறாக்கூட்டம் போல எழும்பிப் போவதையும், பிறகு உத்தரம் போவதையும், பிறகு வடக்குச் சுவர் அப்படியே உள்பக்கம் மண்டியிடுவதையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எல்லாம் முடிந்து மேசைக்கு அடியிலிருந்து இருவரும் புழுதியோடு வெளியே வந்தபோது நாச்சிமுத்து கேட்டது ஒன்றுதான்.

"இது எத்தனைங்க அம்மிணி? மூணுக்கு மேல எண் வெக்கலையே நாம."

அன்று ஊரில் வாழையைப் பற்றி யாரும் பேசவில்லை. முட்டுக்கொடுத்துத் தாங்குகிற காற்றல்ல என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. முந்நூற்று நாற்பது வீடுகளில் காரைக்கூரை இருந்தது அறுபதுக்குத்தான். மற்றவர்கள் எந்தெந்தக் காரைவீட்டில் ஒண்டுவது, ஆடுமாடுகளை எங்கே அவிழ்த்துவிடுவது என்பதையெல்லாம் விளக்கு வைப்பதற்குள் பேசி முடித்தார்கள். ஊர்க்கோடிச் செங்கல் சூளையில் விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்து, சுடாத பச்சைக்கல் அறுக்கிற நாற்பது பேரையும் அவர்கள் குழந்தைகளையும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவருவது என்று முடிவாயிற்று.

எட்வின் மட்டும் இடிந்த அறையின் தரையில் வெப்பமானியைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். வீதியில் முப்பத்தெட்டு. அந்தப் பத்தடிக்குப் பன்னிரண்டடித் தரையின்மேல் இன்னும் இருபத்திரண்டு. காற்று அடங்கி அரைமணி ஆகியும் பழைய வெக்கை திரும்பவில்லை. மேகத்திலிருந்து கொட்டுகிற காற்று இப்படிச் செய்யாது. வடக்குக்குத் திரும்பிய திசை, விழுந்து பிறகு ஏறிய அழுத்தம், விழுந்தது விழுந்தபடியே நிற்கிற வெப்பம். பரீட்சைக்குப் படித்த அந்த அத்தியாயத்தின் ஒவ்வொரு வரியும் அங்கே இருந்தது. அறைக்கு மூங்கில்துறை மட்டும்தான் தெரியும். ஆனால் வரப்போவது மூங்கில்துறையோடு நிற்கிற ஒன்றல்ல; மலையடிவாரத்திலிருந்து தெற்கே வரிசையாக நாற்பத்திரண்டு ஊர்களை அது மிதித்துக்கொண்டு போகும், அந்த ஊர்களில் யாருக்கும் அது தெரியாது. அவர் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, காற்று திரும்பிய வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டார்: அடிவாரத்தில் மூன்று ஐம்பது, ஆற்றங்கரையில் நாலு நாற்பது, நெடுஞ்சாலையில் ஐந்தரை. பிறகு மையத்தில் தன் மேலதிகாரியைக் கூப்பிட்டார்.

"செயற்கைக்கோள் படத்துல ஒண்ணுமே இல்லையே, எட்வின். தெளிவான வானம். எதை வெச்சுச் சொல்றீங்க?"

"தரையில எடுத்த அளவு சார். வெப்பம் பதினாறு டிகிரி விழுந்திருக்கு, காற்று வடக்குக்குத் திரும்பியிருக்கு. நூத்திப்பத்துல கருவி உடைஞ்சுபோச்சு."

"எப்ப எடுத்தது?"

"நாலு நாற்பதுக்கு," என்றார் எட்வின். தன் வேலைக்காலத்தில் முதன்முறையாகத் தேதியைச் சொல்லாமல் விட்டார்.

அன்றிரவு எட்டு மணிக்குப் போன அறிவிப்பில், குளிர்முகப்பு ஒன்று கடந்துசெல்வதால், என்று தொடங்கி, நாற்பத்திரண்டு ஊர்களின் பெயரும் ஒவ்வொன்றுக்கும் எதிரே மணியும் நிமிடமும் இருந்தன. வானொலியில் அதை வாசித்த பெண் நடுவில் ஒரு தடவை நிறுத்தி, காகிதத்தைத் திருப்பிப் பார்த்த சத்தம் கேட்டது.

மறுநாள் காலையிலிருந்து வானம் வெறிச்சென்று இருந்தது. நாலு மணிக்கு மூங்கில்துறைப் பள்ளிக்கூடத்தின் மூன்று காரைக்கூரை வகுப்பறைகளிலும் ஆட்கள் நிறைந்து, குழந்தைகள் வியர்வையில் அழுதுகொண்டிருந்தன. நாலரை மணிக்கு வடக்கே, மலையை மறைத்துக்கொண்டு, கறுப்பாக ஒன்று பாய் சுருட்டியதுபோல நீளவாக்கில் படுத்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது உருண்டு வந்தது. நாலு நாற்பதுக்குக் கதவுகளைச் சாத்தினார்கள். சாத்தி இரண்டு நிமிடம் கழித்துச் சூளைக்காரன் ஒருவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "எங்க ஊட்டுக்காரியக் காணம்," என்றான்.

அவன் மனைவி பெயர் அஞ்சலாட்சி. நான்கு நாளாக இருவரும் அறுத்துப்போட்ட எட்டாயிரம் பச்சைக்கல் சூளைக்களத்தில் காய்ந்துகொண்டிருந்தது. மழை பட்டால் சேறாகிவிடும். வெயில் இப்படிக் காய்கிறபோது அரைமணி நேரத்தில் ஓலை மூடிவிட்டு வந்துவிடலாம் என்று அவள் யாரிடமும் சொல்லாமல் பின்வழியாகப் போயிருந்தாள். களம் பள்ளிக்கூடத்துப் பின்சுவருக்கு அந்தப்பக்கம், நூற்றைம்பது அடி. சன்னல் இடுக்கில் பார்த்தவர்கள் காவல்கொட்டகையின் தகரக்கூரை பறந்து களத்தில் விழுந்து கிடப்பதையும், தகரத்தின் விளிம்பில் ஒரு கை தெரிவதையும், அந்தக் கை அசைவதையும் சொன்னார்கள். அவன் கதவை நோக்கி ஓடியபோது ஐந்து பேர் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் காற்றில் கதவைத் திறந்திருந்தால் மறுபடி மூடியிருக்க முடியாது.

சம்பூர்ணம் கதவருகில் வந்து நின்றாள். மெதுவாகத்தான் பேசினாள், ஆனாலும் அந்த இரைச்சலில் எல்லோருக்கும் கேட்டது.

"ஆறாவது நிமிசம் இது நிக்கும். ஒண்ணர நிமிசம் நிக்கும். நேத்து நான் இதுக்குள்ளதான் இருந்தேன். நான் சொல்றப்போ தொறங்க, நாங்க வந்ததும் மூடுங்க. வராட்டியும் மூடுங்க."

"நீ எதுக்கு?" என்றான் குழந்தைவேலு. "நாங்க ஆம்பளைக போறோம்."

"உங்களுக்கு அது எப்ப நிக்கும்னு தெரியாது."

அவன் வேட்டியை மடித்துக் கட்டினான். "அப்பக் கையப் புடி. எண்ணு."

வீச்சின் சத்தத்துக்குள் அவள் எண்ணினாள். நேற்று எந்த இடத்தில் உத்தரம் முனகியதோ, எந்த இடத்தில் குளிர் பல்லைக் கட்டியதோ, அதெல்லாம் வரிசையாக அவள் உடம்புக்கு ஞாபகம் இருந்தது. "தொறங்க," என்று அவள் சொன்னபோது காற்று இன்னும் அடித்துக்கொண்டுதான் இருந்தது, கதவு திறந்து முடிந்தபோது அது நின்றிருந்தது. இருவரும் ஓடினார்கள். பிடித்திருந்த ஐந்து பேரும் விட்டுவிட, சூளைக்காரனும் அவர்கள் பின்னால் ஓடினான். காற்றே இல்லாத அந்த வெளி களிம்பேறிய ஒரு பித்தளைப் பாத்திரத்தின் உள்புறம் போலப் பச்சையாக இருந்தது. எட்டாயிரம் கல்லும் சரிந்து கிடந்தன. ஆண்கள் இருவரும் தகரத்தைத் தூக்கினார்கள், சம்பூர்ணம் அஞ்சலாட்சியின் இரண்டு கக்கத்திலும் கைகொடுத்து இழுத்தாள். முழங்காலுக்குக் கீழே கால் திரும்பியிருந்தது. "கல்லு, கல்லு," என்றாள் அஞ்சலாட்சி.

"கல்லு கெடக்குது, நீ வா," என்றாள் சம்பூர்ணம். "நாப்பத்தஞ்சு எண்ணியாச்சு."

கதவுக்குப் பத்தடி இருக்கும்போது முதல் ஆலங்கட்டி குழந்தைவேலுவின் முதுகில் விழுந்தது. கதவு மூடி, அதன்மேல் பன்னிரண்டு பேர் சாய்ந்தபோது இரண்டாவது வீச்சு வந்தது. அது பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவரையும், ஊரின் நூற்று எழுபது கூரைகளையும், நிற்கிற எல்லா வாழையையும் எடுத்துக்கொண்டு ஆற்றைத் தாண்டிப் போயிற்று. தென்கரையில், பெண் எடுக்க மறுத்த அந்த ஊரிலும், எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள்.

நாற்பத்திரண்டு ஊர்களில் இரண்டு பேர் இறந்தார்கள். ஒருவர் டிராக்டரைக் கொட்டகைக்குள் விடப் போனவர், மற்றவர் அறிவிப்பைக் கேட்டுச் சிரித்தவர். ஆறு லட்சம் வாழை விழுந்தது. சரியாகச் சொன்ன ஓர் அறிவிப்புக்கு ஆதாரம் எங்கே என்று மையம் எட்வினிடம் எழுத்தில் கேட்டது. அவர் மூன்று பக்கம் உண்மையை எழுதிக் கொடுத்தார். அதைப் படித்தவர்கள் கோப்பில் வைத்து மூடி, அவர் ஓய்வுபெறும்வரை அதைப்பற்றிப் பேசாமல் இருந்தார்கள். அஞ்சலாட்சியின் கால் கூடி, ஆவணியில் அவள் விழுப்புரத்துக்குப் போனாள், போகுமுன் சம்பூர்ணத்திடம் இரண்டு பாவாடைக்கு அளவு கொடுத்தாள்.

ஊர் தன் கூரைகளைப் போடுவதற்கு முன்னால் சம்பூர்ணத்தின் அறையைக் கட்டிக்கொடுத்தது. அதே அகலம், அதே நீளம், பழைய ஓடுகளில் உடையாதவற்றைப் பொறுக்கி அதே இடத்தில் வைத்தார்கள். தென்மேற்கு மூலையில் ஒரு சன்னல் வேண்டும் என்று அவள் பிடிவாதமாகக் கேட்டதைமட்டும் அரைமனதாக ஒத்துக்கொண்டார்கள். அடுத்த சித்திரை வந்தது. பெஞ்சில் முறைவைத்து உட்கார்ந்தார்கள். பதினான்காம் நாள் அறைக்குள் காற்று வீசியபோது எல்லோரும் எழுந்து நின்றார்கள். அதே நேரத்தில் வெளியே வேப்பமரமும் ஆடியது. சன்னல்வழியாக வந்த சாதாரணக் காற்று அது. சன்னலை வைத்ததால்தான் கெட்டுப்போயிற்று என்று சிலர் அவளோடு பேசுவதை நிறுத்தினார்கள். சன்னலைச் செங்கல் வைத்து அடைத்தும் பார்த்தார்கள். ஆனி முடிவதற்குள் ஒவ்வொருவராக மேற்கே பார்த்துக் கையை நெற்றிக்குமேல் வைக்கத் தொடங்கினார்கள். ஒருநாள் நாச்சிமுத்து வந்து, பெஞ்சு இரண்டும் பால் சொசைட்டிக்குத் தேவைப்படுகிறது என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனார். மோர் கொடுப்பவர்களும் நின்றுபோனார்கள்.

அதற்கடுத்த வாரம் ஒரு பிற்பகல், சம்பூர்ணம் தனியாகப் பஸ் ஏறிக் கோபிக்குப் போய், லைனிங் துணி பத்து மீட்டரும் பட்டன் இரண்டு அட்டையும் வாங்கிக்கொண்டு, கடைவீதியில் கரும்புச்சாறு குடித்துக்கொண்டு நின்றாள். வெயில் மங்கியதை அவள் கவனிக்கவில்லை. முதலில் தட்டி ஒன்று சரிந்தது, பிறகு வீதி முழுக்கப் புழுதி எழும்பியது, சாற்றுத் தம்ளர் கையிலிருந்து போயிற்று, முந்தானை முகத்தில் அறைந்தது, பையிலிருந்த லைனிங் துணி பிரிந்து பத்து மீட்டரும் வெள்ளையாக வீதியின் நீளத்துக்கு ஓடியது. அதன் மறுமுனையை முன்பின் தெரியாத ஒரு பூக்காரி பாய்ந்து மிதித்துப் பிடித்தாள். இருவரும் இரண்டு முனையிலிருந்து சுற்றிக்கொண்டே வந்து நடுவில் சந்தித்தபோது மழை கொட்ட ஆரம்பித்துவிட்டது.

"பாத்தீங்களாக்கா," என்றாள் பூக்காரி, மூச்சு வாங்க. "இப்பிடி வரும்னு யாரு கண்டா?"

சம்பூர்ணம் தலையிலிருந்து வழிகிற தண்ணீரைத் துடைக்காமல் சிரித்தாள்.

"ஆமாங் கண்ணு," என்றாள். "யாரு கண்டா!"